பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாட கேம் தேடுகிறீர்களா?

வெறும் 'கோ-ஆப்' (சேர்ந்து விளையாடுவது) என்று போட்டிருப்பதைப் பார்த்து கேம் வாங்கிவிடாதீர்கள், சிலவற்றில் அது ஆன்லைனுக்கு மட்டும்தான். ஒரே திரையில் விளையாட 'லோக்கல் கோ-ஆப்' அல்லது 'ஸ்ப்ளிட் ஸ்கிரீன்' (திரையைப் பிரித்து விளையாடுவது) என்று இருக்க வேண்டும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் இந்தப் பெயர்களை வைத்தே தேடலாம், கோ-ஆப்டிமஸ் தளத்தில் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து வடிகட்டலாம். அப்புறம் ஆள் கணக்கு ரொம்ப முக்கியம். 2021-ல் வந்த இட் டேக்ஸ் டூ சரியாக 2 பேருக்குத்தான், மூன்றாவது ஆள் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஓவர்குக்ட் 2-ல் 4 பேர் வரை சேரலாம்: ஒருவர் காய் நறுக்க, இன்னொருவர் தட்டு கழுவ, அதற்குள் அடுப்பில் இருப்பது தீப்பிடிக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம், எனக்கு ரொம்பப் பிடித்ததே அந்த நிமிடம்தான். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் கன்சோல் இருந்தால் பல கேம்களுக்கு அதன் ஒரு ஜோடி ஜாய்-கான் கன்ட்ரோலரே இரண்டு பேருக்குப் போதும்.