"மூலம்: கூகுள்" என்று எழுதும் பிள்ளைகளுக்கு இணைய மூலங்களைக் குறிப்பிடப் பழக்குவது எப்படி?

தரம் 10 வரலாற்று ஒப்படைகளைத் திருத்தியபோது பெரும்பாலானவற்றின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது: "மூலம்: கூகுள்." பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மூலம் எழுதுங்கள் என்று சொன்னேனே தவிர, எப்படி என்று நான் காட்டவில்லை. அப்புறம் இரண்டு தவணைகளாகச் செய்து பார்த்து ஒத்துவந்த முறை இது. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் படிப்பிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே பல வீடுகளில் ஒரு போன்தான். அதுவும் அப்பா வேலையால் வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும்.

1. குறிப்பு முதலில், தகவல் பிறகு

கொப்பியின் பின்பக்கத்தில் ஐந்து நிரல்கள் கீறச் சொல்லுங்கள்: எழுதியவர், தலைப்பு, தளம், வெளியான திகதி, நான் பார்த்த திகதி. இணைப்பை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்தால் போதும். நிரல்களை நிரப்பாமல் ஒரு வரிகூட எடுக்கக் கூடாது. எழுதியவர் பெயர் பக்கத்தில் இல்லையென்றால் "பெயர் இல்லை" என்றே எழுதட்டும்.

மூலக் குறிப்புகளைச் சேமித்து வைக்க ஸொட்டேரோ (Zotero) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கணினி உள்ள உயர்தர மாணவர்களுக்கு நல்லது. தரம் 10க்கு நான் கொப்பியைத்தான் சொல்வேன். கையால் எழுதும்போதுதான் பிள்ளை எழுதியவரின் பெயரைத் தேடிப் பார்க்கிறது.

2. ஐந்து தளங்கள் என்றால் ஐந்து சாட்சிகளா?

நான் இடறியது இங்கேதான். ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவர் பண்டார வன்னியன் பற்றிய ஒப்படையில் பலர், "1803 ஒக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் கொல்லப்பட்டார்" என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை ஐந்து தளங்களைக் காட்டியது. ஐந்தும் ஒன்றையே சொல்கின்றனவே என்று நானும் சரி போட்டுவிட்டேன்.

பிறகுதான் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் உள்ள கற்சிலைமடுவின் நினைவுக் கல் ஞாபகம் வந்தது. அதன் ஆங்கில வாசகம் சொல்வது, ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் அன்று அவ்விடத்தில் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார் என்பதை மட்டுமே. கொன்றதாக ஒரு சொல்லும் இல்லை. திரும்பப் போய் அந்த ஐந்து பக்கங்களையும் அருகருகே வைத்து வாசித்தேன். அதே வசனம், அதே எழுத்துப்பிழை. இருந்தது ஒரே சாட்சி. மற்ற நான்கும் அதன் நகல்கள்.

இப்போது இதையே பயிற்சியாகக் கொடுக்கிறேன். சந்தேகமான ஒரு வசனத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடச் சொல்லுங்கள். எது முந்திய திகதி, எது தன் மூலத்தைச் சொல்கிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும். நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் இதற்கே போனாலும் பரவாயில்லை.

விக்கிப்பீடியாவைத் தடை செய்ய வேண்டாம். கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து பார்க்கப் பழக்குங்கள். கட்டுரையையே குறிப்பிடுவதென்றால், அதன் திருத்த வரலாற்றுப் பக்கத்தில் திகதியை அழுத்தி, தான் வாசித்த பதிப்பின் இணைப்பை எடுக்க வேண்டும். நாளைக்குக் கட்டுரை மாறலாம்.

3. நூலகம் தளம்

2005இல் தொடங்கிய இந்த எண்ணிம நூலகம் (noolaham.org) நமக்குப் பெரிய கொடை. இடப்பெயர்வில் புத்தக அலுமாரியோடு எல்லாவற்றையும் விட்டு வந்த வீடுகளின் பிள்ளைகள், அந்தப் பழைய இதழ்களை இன்று போனில் வாசிக்கிறார்கள். ஆனால் "எழுதியவர்: நூலகம்" என்று போடக் கூடாது. நூலின் ஆசிரியர், ஆண்டு, வெளியீட்டாளர், பக்கம், கடைசியாக நூலக எண், அதாவது தளம் அந்த நூலுக்குக் கொடுத்திருக்கும் எண். இன்னொன்று: போன் காட்டும் பக்க எண்ணும் தாளில் அச்சான எண்ணும் பெரும்பாலும் வேறு. அச்சான எண்ணையே எழுத வேண்டும்.

4. படங்கள்

தேடலில் வந்த படத்துக்குத் தேடுபொறி மூலம் ஆகாது. படத்தை அழுத்தி அது இருக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். விக்கிமீடியா பொதுவகத்தில் எடுத்தவர் பெயரும் உரிமமும் படத்தின் கீழேயே இருக்கும். இரண்டையும் எழுதினால் சரி.

5. போனை மூடிவிட்டு எழுதுதல்

வாசித்ததைப் பக்கத்து வாங்கில் இருப்பவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதை எழுதட்டும். முழுப் பக்கத்தையும் அப்படியே எடுத்துவிட்டுக் கீழே பெயர் போட்டால் அது ஒப்படை ஆகாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், உலகத்திலேயே இல்லாத நூல்களின் பெயர்களையும் சொல்லும். அந்த நூலைப் பிள்ளை கண்ணால் பார்க்காவிட்டால் வெட்டிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

இதை வாசித்த ஓர் ஆசிரியர், தன் மாணவி கேட்டதை எழுதியிருந்தார்: "சேர், அம்மம்மா வாட்ஸ்அப்பில சொன்னதுக்கு எந்த இணைப்பைப் போடுறது?" நல்ல கேள்வி. சொன்னவர் பெயர், ஊர், குரல் பதிவு என்ற குறிப்பு, திகதி, கேட்டுப் பெற்ற அனுமதி. இவ்வளவும் போதும். இணைப்புத் தேவையில்லை.

முகநூலில் இருக்கும் குடும்பப் படங்களுக்கும் இதேதான்: முதலில் கேட்க வேண்டும். என் வகுப்புப் பிள்ளை ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பதிந்திருந்த பழைய வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல் படத்துக்கு அனுமதி கேட்டு எழுதியது. இரண்டு நாளில் பதில் வந்தது. அனுமதியோடு, படத்தில் நிற்கிற ஏழு பேரின் பெயர்களையும் இடமிருந்து வலமாக எழுதி அனுப்பியிருந்தார்.