மலையூரில் உணவுப் பழக்கத்தைச் சீர்செய்ய: தேநீரிலிருந்து தொடங்குங்கள்

உதகையிலோ கோத்தகிரியிலோ வாழ்பவர் தம் உணவுப் பழக்கத்தைச் சீர்செய்ய விரும்பினால், சோற்றின் அளவில் கை வைப்பதற்கு முன்பாக, நாள் ஒன்றுக்கு எத்தனை தம்ளர் தேநீர் குடிக்கிறோம், எந்த நேரத்தில் குடிக்கிறோம் என்பதை ஒரு வாரம் எழுதிவைத்துப் பார்க்க வேண்டும். குளிருக்கு இதமாக ஆறு தம்ளர் குடிப்பது இங்கே புதிதன்று. தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 48 கிராம் ஆகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவர் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வர்க்கி என்னும் மொறுமொறுப்பான தின்பண்டத்தையும் பிஸ்கட்டையும் சேர்க்காமலேயே அந்த 50 கிராம் ஏறத்தாழ முழுவதும் தேநீரில் தீர்ந்துவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்தினால் நான்காம் நாளே பழைய வழக்கம் திரும்பிவிடும் என்பதால், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை தம்ளருக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள்; நாக்கு தானே பழகிக்கொள்ளும்.

சர்க்கரையைவிட எனக்குக் கவலை தருவது நேரம். தேயிலையிலுள்ள டானின் உணவிலிருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் வழக்கமுள்ள வீட்டில், கீரை சமைத்தும் அதன் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை. கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களும் கருவுற்றிருப்பவர்களும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரைத் தவிர்ப்பது மிக அவசியம். அந்த இடைவெளியில் வெந்நீர் குடிக்கலாம். கீரையின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தாலோ உணவோடு ஒரு கொய்யா தின்றாலோ இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

அடுத்தது தட்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறது. கேரட்டும் முட்டைக்கோசும் நூக்கோலும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி லாரியாக இறங்கும் இந்த மலையில், விளைவித்தவர் வீட்டுத் தட்டில் சோறும் உருளைக்கிழங்குமே நிறைந்திருப்பதைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. உருளைக்கிழங்கு நம் ஊர்ப் பெருமைதான் என்றாலும், அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உருளைக்கிழங்கு வைக்கும் நாளில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துக்கொள்வதே முறை.

அவரைக்கொட்டை, பட்டாணி, பட்டர் பீன்ஸ் ஆகியவை வாயுத் தொல்லை தருவதாகச் சொல்லிப் பலர் ஒதுக்குகிறார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பயறு எளிதில் வேகாது. அரைவேக்காட்டில் உண்பதால் தொல்லை கூடுகிறது. இரவு முழுவதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் சமவெளியினர் வைப்பதைவிடச் சற்று அதிக நேரம் வைத்து, விரலால் நசுக்கினால் மசியும் பதத்தில் இறக்குங்கள்.

தானியத்தில், வாரம் இரண்டு இரவுகள் அரிசிக்குப் பதிலாகச் சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ போதும். இவை நம் மலைக்குப் பழைய தானியங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஆயினும் சிறுதானியம் என்பதற்காக அளவின்றி உண்டால் இரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சர்க்கரை நோய்க்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ மருந்து உண்பவர்கள், மாற்றம் செய்வதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உப்பு, ஊறுகாயில் உள்ளதையும் சேர்த்து, நாளுக்கு 5 கிராமுக்குள் அடங்கட்டும். அது அயோடின் கலந்த உப்பாக இருக்கட்டும்.

புதிய பழக்கம் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் முறிகிறது. மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களில் காய் வாங்க வெளியே போக முடியாமல், பஜ்ஜியும் தேநீருமாக மாலை கழிந்துவிடுகிறது. மே மாதத்திலேயே இரண்டு கிலோ உலர்ந்த பயறு வாங்கிவைத்து, வீட்டுக்குப் பின்புறம் நான்கடி இடத்திலேனும் கீரை விதைத்துவிடுங்கள்.