பத்தாயிரம் ரூபாய்க்குள் முதல் மானிட்டர்: சேலத்தில் பார்த்து வாங்கும் முறை

வீட்டில் முதன்முதலாக மேசைக் கணினி வைப்பவர்களுக்கும், மடிக்கணினியின் சிறிய திரையோடு கூடுதலாக ஒரு பெரிய திரையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கும் இக்குறிப்பு. கையில் இருக்கும் பணம் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொகைக்குள் எல்லாச் சிறப்பும் ஒருங்கே அமையாது. ஆகவே எழுத்து எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதையே முதல் தகுதியாகக் கொண்டு, மற்றவற்றை அதற்கு அடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: மேசையை அளப்பது

கடைக்குப் போகும் முன் அளவு நாடாவை எடுங்கள். நாற்காலியில் நீங்கள் உட்காரும் நிலையில் கண்ணிலிருந்து திரை நிற்கப்போகும் இடம் வரை 50 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரம் என்றும் கொள்ளலாம். மானிட்டரின் அளவாகச் சொல்லப்படும் அங்குலம் மூலைக்கு மூலை அளந்தது. அகலம் அதைவிடக் குறைவு. 21.5 அங்குலத் திரையின் அகலம் சுமார் 48 சென்டிமீட்டர், 23.8 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். கடையில் இவற்றையே 22 இஞ்ச், 24 இஞ்ச் என்பார்கள். ஸ்டாண்டின் கால் பின்பக்கம் ஏறத்தாழ ஒரு சாண் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், சுவரோடு ஒட்டிய குறுகிய மேசை உள்ளவர்கள் ஆழத்தையும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: ஒரு சிறிய கணக்கு

திரை என்பது நெருக்கமாக அடுக்கப்பட்ட ஒளிப்புள்ளிகளின் கூட்டம். அந்தப் புள்ளிகளான பிக்சல்கள் ஓர் அங்குல நீளத்துக்குள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் தெளிவைத் தீர்மானிக்கிறது. முழு எச்டி எனப்படும் 1920 x 1080 பிக்சல்கள் கொண்ட திரையின் மூலைவிட்டத்தில் சுமார் 2203 பிக்சல்கள் அமையும். அதைத் திரையின் அங்குலத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 21.5 அங்குலத்துக்கு 102, 23.8 அங்குலத்துக்கு 93, 27 அங்குலத்துக்கு 82. விலை மலிவு என்று விற்கப்படும் 1366 x 768 பிக்சல்கள் கொண்ட 18.5 அங்குலத் திரைக்கு இந்த எண் 85தான்.

தமிழ் படிப்பவர்களுக்கு இக்கணக்கு மிகவும் தேவையானது. திரையில் 3 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு ‘ண’வை நினைத்துப் பாருங்கள். 27 அங்குல முழு எச்டி திரையில் அந்த உயரத்துக்குச் சுமார் 10 பிக்சல்கள் கிடைக்கும், 21.5 அங்குலத் திரையில் 12 கிடைக்கும். அதன் மூன்று சுழிகளும், மெய்யெழுத்தானால் தலைமேல் வரும் புள்ளியும் இந்தச் சில பிக்சல்களுக்குள்தான் அடங்க வேண்டும். இரண்டு பிக்சல்கள் குறைந்தாலே சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ண எது, ன எது என்று கண் ஒரு கணம் தயங்குகிறது. நாள் முழுவதும் தட்டச்சு செய்பவருக்கும், பத்திரம் எழுதுபவருக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் அந்தத் தயக்கமே மாலையில் கண் வலியாக வந்து நிற்கும். எனவே இந்த விலையில் 27 அங்குலத்தின் மீது ஆசை வைக்க வேண்டாம். 22 அல்லது 24 அங்குலத்தில் முழு எச்டி திரையே பொருத்தமானது.

மூன்றாம் படி: பேனல் வகை

பேனல் என்பது மானிட்டருக்குள் படத்தைக் காட்டும் தகடு. மானிட்டர் பெட்டியிலோ விளக்கத் தாளிலோ அதன் வகையாக ஐபிஎஸ், விஏ, டிஎன் ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். டிஎன் திரையைப் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மங்கும் அல்லது மாறிவிடும். விஏ திரையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். படம் பார்ப்பவர்களுக்கு அது பிடிக்கும். ஐபிஎஸ் திரையில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஐபிஎஸ் இப்போது இந்த விலைக்குள்ளேயே கிடைப்பதால் வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இளம்பிள்ளையில் சேலை விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியமானது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் படத்தைக் கணவனும் மனைவியும் ஒரே திரையின் முன் அருகருகே அமர்ந்து சரிபார்க்கும்போது, ஒருவருக்கு அரக்காகவும் மற்றவருக்குச் சிவப்பாகவும் அச்சேலை தெரிந்தால் திருப்பி வரும் சரக்குதான் மிஞ்சும். அவர்கள் விளக்கத் தாளில் எஸ்ஆர்ஜிபி (கணினித் திரைகளுக்கான பொதுவான நிற அளவுகோல்) 99 விழுக்காடு என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பொருட்படுத்த வேண்டாத எண்களும் உண்டு. வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடாகக் கோடிக்கணக்கில் எழுதப்படும் டைனமிக் கான்ட்ராஸ்ட், பிக்சல் நிறம் மாற ஆகும் நேரம் 1 மில்லிசெகண்ட் என்ற விளம்பரம், வளைந்த திரை, உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர் ஆகியவற்றுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. ஒரு நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் காட்டும் ஹெர்ட்ஸ் எண் 60 இருந்தாலே வேலைக்குப் போதும். அதே விலையில் 75 அல்லது 100 கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: இணைப்பு வாய்கள்

உங்கள் கணினியின் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். தட்டையான எச்டிஎம்ஐ வாய் இருந்தால் கவலையில்லை. மூன்று வரிசையில் 15 துளைகள் கொண்ட நீல நிற விஜிஏ வாய் மட்டுமே உள்ள பழைய கணினி என்றால், மானிட்டரிலும் விஜிஏ இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே எளிய வழி. இடையில் அடாப்டர் எனப்படும் மாற்றும் கருவி ஒன்றைப் போடலாம். ஆனால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கருவி எதிர்த்திசையில் வேலை செய்யாது என்பதைச் சொல்லாமலே சிலர் விற்றுவிடுகிறார்கள். கணினியிலிருந்து மானிட்டருக்கு எந்தத் திசை என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: கடையில் சோதித்தல்

ஐந்து ரோடு, ஓமலூர் சாலைப் பக்கம் கடை ஏறி இறங்குவதற்கு முன் ஒரு பென் டிரைவில் மூன்று கோப்புகளைப் போட்டுக்கொள்ளுங்கள்: சிறிய எழுத்தில் அமைந்த ஒரு தமிழ்ப் பக்கம், உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு புகைப்படம், முழுவதும் கறுப்பான ஒரு படம். கடையில் ஓடும் மலைக்காட்சியும் மீன் தொட்டியும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். அவற்றைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. தமிழ்ப் பக்கத்தை நூறு விழுக்காடு அளவில் திறந்து, வீட்டில் உட்காரும் தூரத்தில் நின்று, ழகர ளகரங்களையும் மெய்ப்புள்ளிகளையும் ஒரு பத்தி முழுவதும் படித்துப் பாருங்கள். பிறகு இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து புகைப்படத்தைப் பாருங்கள். கடைசியாகக் கறுப்புப் படத்தில் மூலைகளில் வெளிச்சம் அதிகமாகக் கசிகிறதா என்று கவனியுங்கள். கூச்சப்பட வேண்டாம், பணம் கொடுக்கப்போவது நீங்கள்.

ஆறாம் படி: பில்லும் வாரண்டியும்

32 அங்குலம் வரையிலான மானிட்டருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. சொல்லப்படும் விலையில் அது சேர்ந்துள்ளதா என்று முதலிலேயே கேட்டு, வரிசை எண் குறிக்கப்பட்ட பில்லை வாங்குங்கள். மூன்று ஆண்டு வாரண்டி என்றால் பேனலும் அதில் அடங்குமா, பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா என்ற இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் 636601 என்ற தங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொல்லியே விசாரிக்க வேண்டும். சேலம் நகருக்குள் ஆள் அனுப்பும் நிறுவனம் மலைக்கும் அனுப்பும் என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது.

மலைக்குக் கொண்டுபோகும்போது பெட்டியை நின்ற நிலையில், திரைப் பக்கம் எதுவும் அழுத்தாதபடி இருக்கைக்கு இடையில் நிறுத்துங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் படுக்கவைத்த பெட்டியின் மேல் அரிசிப் பை சரிந்தால் பேனல் தாங்காது. மழைக்காலத்தில் மூடுபனி உள்ளே புகும் ஜன்னலருகே திரையை வைக்காமல் உட்சுவர் பக்கம் வையுங்கள். திரையில் ஈரப்பதம் தெரிந்தால் அது முழுவதும் காய்ந்த பின்னரே மின்சாரம் கொடுங்கள். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கி விடுவது ஸ்விட்சை அணைப்பதைவிடப் பாதுகாப்பானது.

ஏழாம் படி: பொருத்திய அன்றே செய்ய வேண்டியவை

விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து ரெசல்யூஷன் 1920 x 1080 என்று இருப்பதை உறுதி செய்யுங்கள். வேறு எண் இருந்தால் எழுத்துகள் கலங்கலாகத் தெரியும். 100 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருந்தாலும் கணினி 60இலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்; அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் அதை மாற்ற வேண்டும். கடையில் கண்ணைப் பறிப்பதற்காக உச்சத்தில் வைத்த வெளிச்சத்தை, பக்கத்தில் பிடித்த ஒரு வெள்ளைத் தாளின் அளவுக்குக் குறையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ வர வேண்டும். இவ்விலை மானிட்டர்களில் பெரும்பாலும் உயரத்தை மாற்ற வழியிராது. அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்தால் போதும்.

பின்னர் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களை ஒவ்வொன்றாகத் திரை முழுவதும் நிரப்பி, மாறாமல் நிற்கும் புள்ளி ஏதும் உள்ளதா என்று தேடுங்கள். தென்பட்டால் கைப்பேசியில் படமெடுத்து, பில்லோடு அன்றே கடைக்காரரிடம் காட்டுங்கள். மாற்றிக்கொடுக்கும் காலம் முடியும் வரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பரணில் பத்திரமாக வைத்திருங்கள்.