மார்பகப் புற்றுநோய்: சாப்பாட்டிலும் மரபணு ரிப்போர்ட்டிலும் நடக்கும் தவறுகள்

மஞ்சள் நல்லது என்பதில் சண்டையே இல்லை. சண்டை மஞ்சள் மாத்திரையோடுதான். குழம்பிலும் பொரியலிலும் போடுகிற அரை டீஸ்பூன் மஞ்சள்தூளில், அதன் முக்கிய வேதிப்பொருளான குர்குமின் ஏறத்தாழ 50 மில்லிகிராம்தான் இருக்கும். கடையில் விற்கும் கேப்ஸ்யூல் ஒன்றிலேயே 500 மில்லிகிராம் வரை இருக்கும். உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று மிளகின் பைப்பரினையும் சேர்த்திருப்பார்கள். ஹார்மோன் ரிசப்டர் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரஜன் போன்ற ஹார்மோனால் வளரும் கட்டிக்காக, அதைத் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொல்லாமல் இதை விழுங்குவது பெரிய தவறு.

டாமாக்சிஃபென் விழுங்கியபடியே முழு வலுவோடு வேலை செய்வதில்லை. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதை எண்டாக்சிஃபென் என்ற வலுவான வடிவமாக மாற்றித் தர வேண்டும். அந்த நொதி யாருக்கு வேகம், யாருக்கு மந்தம் என்பது பிறவியிலேயே மரபணுவில் இருக்கிறது. நெதர்லாந்தில் 16 பெண்களிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், தினமும் மூன்று வேளை 1,200 மி.கி. குர்குமினும் 10 மி.கி. பைப்பரினும் கொடுத்தபோது ரத்தத்தில் எண்டாக்சிஃபென் சுமார் 12 சதவீதம் இறங்கியது. நொதி இயல்பாக ஓடுகிறவர்களிடம்தான் இறக்கம் கூடுதல். சின்ன ஆய்வுதான். இருந்தாலும், பலன் நிரூபணமாகாத மாத்திரைக்காக நிரூபணமான மாத்திரையின் வலுவைக் குறைத்துக்கொள்வானேன்? ரசத்து மிளகை யாரும் நிறுத்த வேண்டாம்.

இதே நொதியை மனச்சோர்வு மாத்திரைகளான பராக்ஸிடினும் ஃப்ளுவாக்ஸிடினும் இன்னும் பலமாக அடைக்கும். வேறொரு டாக்டர் எழுதித் தரும்போது டாமாக்சிஃபென் சாப்பிடுவதைச் சொன்னால் மாற்று மருந்து தருவார்.

கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் கிடக்கும் இரும்பு-ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ‘ரத்தம் ஊறட்டும்’ என்று போட்டுக்கொள்வதும் ஆபத்து. ஃபோலிக் ஆசிட் அந்த மருந்தின் கடுமையைக் கூட்டும். வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் மோசமாகும். கீரையில் வருவது பரவாயில்லை. இந்த மருந்தை உடம்பில் சிதைக்கும் நொதிக்கான டிபிஒய்டி மரபணுவில் குறை உள்ளவர்களுக்கு இந்த மருந்தே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதால், முதல் டோசுக்கு முன்பே அந்த ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டுவிட வேண்டும். பால்போசிக்லிப், ரிபோசிக்லிப் என்ற புற்றுநோய் மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு கிரேப்ஃப்ரூட்டும் அதன் உறவான பம்ளிமாஸும் ஆகாது.

காய்கறி, ஜூஸ் என்று வயிற்றை நிரப்பினால் நோய் திரும்பாது என்ற நம்பிக்கையை அமெரிக்காவில் 3,088 பெண்களிடம் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் கொழுப்பைக் குறைத்து, காய்கறி, பழம், நார்ச்சத்தைக் கூட்டி, இரு குழுக்களையும் சராசரியாக 7.3 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2007இல் வந்த முடிவில் நோய் திரும்பியவர்கள் அந்தக் குழுவில் 16.7 சதவீதம், மற்றதில் 16.9. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு நோய் திரும்புவது கொஞ்சம் குறைந்தது. அவர்கள் எடையும் குறைந்திருந்தது. எங்கள் கணிப்பில் கவனிக்க வேண்டியது எடைதான், கேரட் ஜூஸ் அல்ல.

சோயாவில் ஈஸ்ட்ரஜன் என்று மீல் மேக்கரைக்கூட ஒதுக்குகிறார்கள். ஷாங்காயில் 5,042 பெண்களைத் தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. உணவாகச் சாப்பிடலாம், சோயாவின் ஈஸ்ட்ரஜன் போன்ற பொருளைப் பிரித்தெடுத்த ஐசோஃபிளேவோன் மாத்திரை வேண்டாம்.

கீமோ நடக்கும்போது பத்தியம் என்ற பெயரில் முட்டை, மீன், பருப்பை நிறுத்துவது நம் வீடுகளில் அதிகம். 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 70 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6, சமைக்காத பருப்பு 30 கிராமில் 7. இட்லியும் ரசம் சாதமும் மட்டும் என்றால் பாதிகூடத் தேறாது. தசை கரைந்து ஆள் சோர்ந்துவிட்டால் அடுத்த டோஸ் தள்ளிப்போகும். முட்டை, மீனை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டில் ‘ஹெர்2 பாசிட்டிவ்’ என்றதும் மகளுக்கும் வருமோ என்று அழுகிறார்கள். ஹெர்2 என்ற புரதம் கட்டியில் அதிகம் என்பதுதான் அதன் பொருள்; அது கட்டியில் மட்டும் நடந்த மாற்றம், பிள்ளைக்குப் போகாது. போகக்கூடியது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே உள்ள பிழை. அது அப்பா வழியிலும் வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு. அந்தப் பிழை இருந்தால் பிழைக்க முடியாது என்பதும் தவறு: பிரிட்டனில் 40 வயதுக்குள் நோய் வந்த 2,733 பெண்களில் 338 பேருக்கு அது இருந்தது; 10 ஆண்டு கழித்தும் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் உயிர்வாழ்வில் வேறுபாடு தெரியவில்லை. சிகிச்சை முடிந்ததே, இனி எதற்கு மரபணு டெஸ்ட் என்று விடவும் கூடாது. சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் இந்தப் பிழை உள்ளவர்களுக்கான ஒலாபரிப் மருந்து பொருந்துமா என்பதும் அதில்தான் தெரியும்.

பரிசோதனையை அக்கா தங்கையிடமோ மகளிடமோ தொடங்காமல், முதலில் நோய் வந்தவருக்கே செய்ய வேண்டும். அவரிடம் எந்தப் பிழை என்று தெரியாமல் மகளுக்கு ‘நெகட்டிவ்’ வந்தால், மகளுக்குக் குடும்பப் பிழை வரவில்லையா, அல்லது குடும்பப் பிழை இந்த டெஸ்டில் அகப்படாத வேறொன்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது.