பொருத்திவிட்டால் படித்துவிட்டதாக ஆகுமா? பட அட்டைகளில் செய்யும் தவறுகள்

நான்கு படம், நான்கு சொல். பிள்ளை ஒரே நிமிடத்தில் பொருத்திவிடுகிறது. மறுநாள் 'மயில்' என்ற எழுத்தட்டையை மட்டும் தனியாக நீட்டினால் விழிக்கிறது. மறதி இல்லை, எழுத்தைப் பார்க்காமலே விடை பிடிக்க நாம்தான் வழி விட்டிருப்போம்.

நான்குக்கு நான்கு வைத்தால் மூன்று தெரிந்தாலே போதும், நாலாவது தானாக வந்து உட்காரும். நான்கு சொல்லுக்கு ஆறு படம் வையுங்கள். பூ, ஆடு, கத்தரிக்காய் என்று கலந்தால் பிள்ளை சொல்லின் நீளத்தை அளந்தே பொருத்திவிடும். தொடக்கத்தில் அது பரவாயில்லை. ஒரு வாரம் போனதும் மணி, மயில், மரம் என ஒரே எழுத்தில் தொடங்குபவை. பிறகு கல்–கால், பல்–பால். இங்கே துணைக்கால் ஒன்றுதான் வித்தியாசம், கண் அங்கே நின்றே ஆக வேண்டும்.

படத்திலும் கோளாறு வரும். கடையில் வாங்கிய அட்டையில் 'ஓடம்' இருக்கும். நம் வேலூர்ப் பக்கம் பாலாற்றில் பெரும்பாலும் மணலையே பார்க்கும் பிள்ளைக்கு ஓடம் ஏது? ஏலகிரி புங்கனூர் ஏரியில் படகு ஏறிய பிள்ளையும் 'போட்' என்றுதான் சொல்லும். கத்தரிக்காய்ப் படம் வழவழவென்று ஊதாவாக இருக்கும். வீட்டுக்கு வருவதோ காம்பில் முள் குத்தும் இலவம்பாடிக் காய். அதனால் எழுத்தட்டையை எடுக்கும் முன் ஒவ்வொரு படத்தையும் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். வேறு பெயர் சொன்னால் அந்தப் படத்தை அன்றைக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் காயையே கையில் கொடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளை பூனையைப் பார்த்து 'பில்லி' என்றால் அது தப்பு இல்லை. தமிழ்ச் சொல்தான் புதிது. இரண்டு மூன்று நாள் வாயால் சொல்லிப் பழகட்டும், எழுத்து அப்புறம். நம் பக்கம் பல வாய்களில் பழம் 'பயம்' ஆகிவிடுகிறது. அதற்காக அதட்டினால் பிள்ளை வாயே திறக்காது. நீங்கள் 'பழம்' என்று நிதானமாகச் சொல்லி, ழகரத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள்.

ஒரு தடவைக்கு ஐந்தாறு நிமிடம் போதும், அதற்கு மேல் அட்டை விசிறியாகிவிடும்.

பலர் கவனிக்காதது மடங்கிய மூலை. பிள்ளைக்கு அந்த மடிப்புதான் 'யானை'. எண்ணெய்க் கறை பட்டது 'தோசை'. பத்து நாளுக்கு ஒருமுறை அதே சொற்களை வேறொருவர் கையெழுத்தில் புதிதாக எழுதுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கமே தாராளம்.