சிற்றலை வானொலிக்குப் பெருந்தொகை கொடுப்பதற்கு முன்

முதலில் மொட்டை மாடிக்குப் போங்கள். கடைக்கு அப்புறம் போகலாம். பெசன்ட் நகரில் என் வீட்டுக் கூடத்தில் எல்.இ.டி. விளக்குகளும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சலில் எந்த நிலையமும் தேறாது. ஒரு மின்வெட்டு இரவில், இன்வெர்ட்டரும் ஓய்ந்த பிறகு, பேட்டரியில் ஓடிய என் பழைய பெட்டி திடீரென்று தெளிவாகப் பேசியது. அதுவரை அதைத் திட்டித் தீர்த்திருந்தேன், பாவம்.

ஆகவே பணத்தில் ஒரு பங்கை மாடியில் நிறுத்தும் லூப் (வளைய வடிவ) ஆன்டெனாவுக்கு ஒதுக்குங்கள். அதை வானொலியோடு இணைக்கும் கோஆக்சியல் கேபிள் சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கிடைக்கும். கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பூக்கும். நீர் புகாத டேப் சுற்றுங்கள்.

கருவியின் உணர்திறனை, அதாவது மெல்லிய அலையையும் பிடிக்கும் திறனை, பார்த்து மட்டும் மயங்காதீர்கள். 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி முழங்கும் பக்கத்து நிலையத்தை வெட்டியெறியும் வடிகட்டிக்குத்தான் காசு. அதன் அகலத்தை மாற்றவும் முடிய வேண்டும். 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம் வானொலியினர் (பொழுதுபோக்காக ஒலிபரப்பிப் பேசிக்கொள்பவர்கள்) பேசுவதைக் கேட்க, அவர்கள் பயன்படுத்தும் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையைப் பிடிக்கும் வசதி கட்டாயம்.

ஐகாம் ஐசி-ஆர்8600 கருவி 3 ஜிகாஹெர்ட்ஸ் (3000 மெகாஹெர்ட்ஸ்) வரை பிடிக்கும். சிற்றலையோ 30 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது. மீதிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய கருவி என்றால் விற்பவர் வீட்டிலேயே, இருட்டிய பிறகு, ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். காபி கொடுத்தால் குடித்துக்கொண்டே குமிழைத் திருப்புங்கள்.