காற்றோடு போய் ரயிலில் திரும்புவோம்: நெதர்லாந்தின் சிற்றூர்களைச் சைக்கிளில் பார்க்க ஒரு தொடக்க வழிகாட்டி

நெதர்லாந்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமையும் கொய்கென்ஹாஃப் டூலிப் தோட்டத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த நாட்டின் உண்மையான அழகு சின்ன ஊர்களில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கக் காரும் வேண்டாம், டூர் பஸ்ஸும் வேண்டாம். ரயிலும் சைக்கிளும் போதும். சைக்கிள் ஓட்டிப் பல வருஷம் ஆனவர்களும் தைரியமாக இறங்கலாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வையுங்கள். நாடு பெரும்பாலும் தட்டையானது, மேடு குறைவு. ஆனால் காற்று உண்டு. எதிர்காற்றில் 20 கிலோமீட்டர் மிதித்தால் கால் கழன்றுவிடும். அதனால் காற்றோடு ஒரு பக்கம் மிதித்துப் போங்கள், திரும்பும்போது ரயில் ஏறுங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

உதாரணத்துக்கு ஒரு வழியை எடுத்துக்கொள்வோம்: ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே ஹோர்னிலிருந்து எங்க்ஹவுசன் வரை. ஏரிக்கரையை ஒட்டிப் போனால் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் உண்டு. நடுவிலும் ஹோக்கார்ஸ்பெல், போவன்கார்ஸ்பெல் பக்கம் நிலையங்கள் இருப்பதால், களைத்துப்போனால் பாதியிலேயே ரயில் ஏறிவிடலாம். முதல் பயணத்துக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தோன்றவில்லை.

1. முந்தின நாள் காற்றைப் பாருங்கள்

இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஹோர்னிலிருந்து எங்க்ஹவுசன் கிழக்கே இருப்பதால் அது முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தை போஃபோர்ட் எண்ணில் சொல்வார்கள். 3 வரை சுகம். 4 என்றால் நன்றாகத் தெரியும். 5 வந்துவிட்டால் புதியவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது. அன்றைக்குக் கிழக்குக் காற்று என்றால் நேராக எங்க்ஹவுசன் போய் அங்கே சைக்கிள் எடுத்து, ஹோர்னை நோக்கி வாருங்கள். மழைக்கு பாய்ன்ராடார் செயலி போதும். அடுத்த இரண்டு மணி நேரத்தில் மேகம் எங்கே நகர்கிறது என்று காட்டிவிடும்.

2. ரயில்

டிக்கெட் கவுன்டரில் நிற்க வேண்டியதில்லை. கான்டாக்ட்லெஸ் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டை ஏறும் நிலையத்தில் ஒரு தட்டு, இறங்கும் நிலையத்தில் ஒரு தட்டு. பெரிய நிலையங்களில் கதவு இருக்கும். சின்ன நிலையங்களில் வெறும் கம்பம்தான் நிற்கும், பேச்சு சுவாரஸ்யத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இறங்கும்போது தட்டாவிட்டால் கூடுதல் பணம் பிடிப்பார்கள். ஒருவருக்கு ஒரு கார்டு. கணவன், மனைவி இருவரும் ஒரே கார்டைத் தட்ட முடியாது. ஆம்ஸ்டர்டாம் சென்ட்ராலிலிருந்து ஹோர்ன் ஏறக்குறைய 40 நிமிஷம், எங்க்ஹவுசன் ஒரு மணி நேரம்.

3. சைக்கிள் எடுப்பது

நிலையங்களில் நீலமும் மஞ்சளுமாக நிற்கும் ஓவி-ஃபீட்ஸ் வாடகை சைக்கிள் உள்ளூர்க்காரர்களுக்கானது. அங்கேயே வசிக்கிறவர்கள் ரயில்வேயில் பதிவு செய்துகொண்டால் அதுதான் எளிது. சுற்றுலா வந்தவர்கள் தனியார் வாடகைக் கடைக்குப் போக வேண்டும். அடையாள அட்டை கேட்பார்கள், முன்பணமும் கேட்கலாம்.

கடையிலேயே மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். முதலாவது பிரேக். டச்சு சைக்கிள் பலவற்றில் கைப்பிரேக் கிடையாது, பெடலைப் பின்பக்கம் மிதித்தால்தான் நிற்கும். நம் ஊர் சைக்கிள் பழகிய கால், மிதிக்காமல் உருளும்போது பெடலைச் சும்மா பின்னால் சுற்றிப் பார்க்கும். வண்டி டக்கென்று நின்றுவிடும். அதனால் கைப்பிரேக் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது சீட். அங்கே எல்லோரும் நெட்டை, தயங்காமல் இறக்கச் சொல்லுங்கள். கடைசியாகப் பூட்டு. பின்சக்கரத்து வளையப் பூட்டோடு நிறுத்தாமல், சங்கிலியை ஏதாவது கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள்.

4. சாலை விதிகள்

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். செந்நிறத் தார்ப்பாதை இருந்தால் அது சைக்கிளுக்கானது. தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருந்து, அவற்றின் கூர்முனை உங்களைப் பார்த்திருந்தால் நீங்கள்தான் வழிவிட வேண்டும். எந்தக் குறியும் இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முதல் உரிமை. திரும்பும் முன் கையை நீட்டிக் காட்டுங்கள். சைக்கிளில் போகும்போது போனைக் கையில் பிடித்தால் அபராதம். 2019 ஜூலையிலிருந்து அப்படி. படம் எடுக்க வேண்டுமென்றால் பாதையை விட்டு ஓரமாக இறங்கி நில்லுங்கள், நடுவில் நின்றால் பின்னால் வருகிறவர் மோதுவார்.

5. எண்களைப் பிடித்துக்கொண்டு போவது

சைக்கிள் பாதைகள் சந்திக்கும் இடத்துக்கெல்லாம் ஓர் எண் உண்டு. வெள்ளைப் பலகையில் பச்சை எண், பக்கத்தில் அம்புக்குறி. அந்தச் சந்திப்பில் ஒரு வரைபடமும் நிற்கும். ஃபீட்ஸ்நோப் செயலியில் புறப்படும் ஊரையும் போகும் ஊரையும் தொட்டால் எண் வரிசை வந்துவிடும். அதை ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை அடைந்ததும் அடுத்த எண்ணுக்கான அம்பைப் பாருங்கள். மொழி தெரிய வேண்டாம், போனும் வேண்டாம். இவ்வளவு எளிமையான ஏற்பாடு எல்லா நாட்டிலும் இருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் ஏங்குவேன்.

6. கிளம்பலாம்

ஹோர்னில் உடனே மிதிக்கத் தொடங்கிவிடாதீர்கள். நம்மவர்களுக்கு இந்த ஊரோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. நாகப்பட்டினத்தை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்து 1781 வரை ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள். ஹோர்னும் எங்க்ஹவுசனும் அவற்றில் இரண்டு. ரோடே ஸ்டேன் சதுக்கத்தில் இந்த ஊரில் பிறந்த யான் பீட்டர்ஸோன் கூன் சிலையாக நிற்கிறார். ஜாதிக்காய் வணிகத்தைக் கைப்பற்ற 1621இல் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்று குவித்த படையை நடத்தியவர் அவர். சுற்றிலும் உள்ள மாளிகைகளின் அழகை அந்த நினைவோடு பார்ப்பதுதான் நியாயம். துறைமுகத்தில் 1532இல் கட்டிய ஹோஃட்டோரன் கோபுரத்தையும் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்புங்கள்.

ஊரைத் தாண்டியதும் கரை வந்துவிடும். பாதை சில இடத்தில் கரைமேலும் சில இடத்தில் கரையடியிலும் போகும். வலப்பக்கம் மார்கர்மேர் ஏரி. 1932இல் பெரிய அணை கட்டி அடைக்கும் வரை அது கடலோடு சேர்ந்த வளைகுடா. இடப்பக்கம் புல்வெளி. கரைமேல் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாருங்கள்: ஏரித் தண்ணீர் மேலே இருக்கிறது, மாடு மேயும் நிலம் அதைவிடக் கீழே. இந்த நாட்டைப் புரிந்துகொள்ள அந்த ஒரு பார்வை போதும். ஸ்கெல்லிங்க்ஹவுட், வெய்டனெஸ், ஊஸ்டர்லேக் என்று குட்டிக் கிராமங்கள் வரும். பிரமிடு மாதிரிக் கூரை போட்ட பெரிய பண்ணை வீடுகளைக் கவனியுங்கள். மனிதர், மாடு, வைக்கோல் எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்து வீடுகள் அவை. தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும், கடைகள் குறைவு.

எங்க்ஹவுசனில் 1540ஆம் ஆண்டின் ட்ரொமெடாரிஸ் கோட்டைவாயில் உங்களை வரவேற்கும். நேரமிருந்தால் சௌடர்ஸே அருங்காட்சியகம் பாருங்கள். கடல் அடைபட்டதால் மறைந்துபோன மீனவர் வாழ்க்கையை வீடுகளோடு அங்கே காத்து வைத்திருக்கிறார்கள். அதற்கே அரை நாள் வேண்டும்.

7. சைக்கிளோடு திரும்புவது

சைக்கிளை எடுத்த கடையில்தான் விட வேண்டும். ஆகவே அதையும் ரயிலில் ஏற்றுங்கள். சைக்கிளுக்குத் தனி நாள் டிக்கெட் உண்டு, மெஷினிலோ ரயில்வே செயலியிலோ வாங்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் இந்தத் தடை இல்லை. கடை எத்தனை மணிக்கு மூடும் என்று காலையிலேயே கேட்டு, அதற்கேற்ற ரயிலைப் பார்த்து வையுங்கள். சைக்கிள் படம் போட்ட கதவருகே நின்று, இறங்குபவர்கள் இறங்கிய பிறகு ஏறுங்கள். எங்க்ஹவுசன் கடைசி நிலையம் என்பதால் ரயில் அங்கிருந்தே கிளம்பும். முன்கூட்டியே போனால் நிதானமாக ஏற்றலாம்.

இது பிடித்துப்போனால் அடுத்த முறை எங்க்ஹவுசனிலிருந்து வடக்கே மேடம்பிளிக் வரை போய்வாருங்கள். அங்கே ராட்பவுட் கோட்டை இருக்கிறது, ஏப்ரலில் வழியெல்லாம் டூலிப் வயல்கள். ஆனால் அந்த ஊருக்கு வழக்கமான ரயில் கிடையாது, ஹோர்னிலிருந்து ஓடும் பழைய நீராவி வண்டி மட்டும்தான். ஆகவே திரும்புவதற்கும் காலில் தெம்பு மிச்சம் வையுங்கள்.